வாட்ச்மேனின் நுரையீரலில் பீங்கான் தூசி: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 47 வயது ஆண். சொந்த ஊர் விருத்தாசலம் பக்கம் ஒரு கிராமம். கடலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை. மூன்று வருடமாக மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல் விடவில்லை. கடந்த ஆறு வாரமாகச் சாயங்காலமானால் காய்ச்சல் வேறு. உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது, ஒருநாள் சளியில் ரத்தக் கோடு தெரிந்தது என்று மனைவியோடு பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வந்தார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நுரையீரலைத் தாக்கும் பெரிய நோய்கள் பலவும் வெளியே காட்டுவது ஒரே முகத்தைத்தான்: இருமல், மூச்சு வாங்குதல். அதனால் ஒன்று இன்னொன்றாக எளிதில் எண்ணப்பட்டுவிடும். இந்த மனிதருக்கும் மூன்று வருடத்தில் காசநோய், ஆஸ்துமா, பீடியால் வந்த மூச்சுக்குழாய் நோய் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சூட்டப்பட்டது. உண்மையான நோயின் பெயர் மட்டும் எந்தச் சீட்டிலும் ஏறவில்லை. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய எந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கேள்வி போதுமாக இருந்தது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நோய் வளர்ந்த விதம்

"எத்தனை நாளாக?" என்று கேட்டால் பெரும்பாலும் "கொஞ்ச நாளா" என்றுதான் பதில் வரும். முன்பு சிரமமில்லாமல் செய்த ஒரு காரியத்தைச் சொல்லச் சொன்னால் சரியான கணக்கு கிடைக்கும். இவர் வருடா வருடம் தைப்பூசத்துக்கு வடலூருக்கு நடந்தே போகிறவர். "மூணு வருஷத்துக்கு முன்னாடி மந்தாரக்குப்பம் வரைக்கும்தான் சார் முடிஞ்சுது. அங்கேருந்து பஸ் ஏறிட்டேன். அடுத்த வருஷம் கிளம்பவே இல்லை" என்றார். இப்போது குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மூன்று மாடி ஏற வேண்டும். முதல் மாடியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். குளித்துவிட்டுத் துவட்டும்போதே மூச்சு முட்டுகிறது.

இதில் இரண்டு விதமான காலக்கணக்கு இருப்பதைக் கவனிக்க வேண்டும். மூச்சு வாங்குவது வருடக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறியிருக்கிறது. காய்ச்சலும் எடை குறைவும் ஆறு வாரத்துக்குள் வந்தவை. ஒரே நோயின் போக்கு இப்படி இருக்கலாம்; ஆனால் பழைய நோய் ஒன்றின் மேல் புதிய நோய் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறதோ என்ற சந்தேகம் இங்கேயே தொடங்க வேண்டும்.

முதல் வருடம் இருமல் மருந்தும் ஆன்டிபயாடிக்கும். அதற்கு மசியாததால் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரு பக்கமும் மேல்பகுதியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. சளியை இரண்டு முறை பார்த்தும் கிருமி இல்லை. இருந்தாலும் படத்தை வைத்தே காசநோய் மருந்து ஆறு மாதம் கொடுக்கப்பட்டது. ஒரு முன்னேற்றமும் இல்லை. அடுத்துச் சென்ற இடத்தில் ஆஸ்துமா என்று இன்ஹேலர். பின்பு வேறோர் இடத்தில், முதல் சிகிச்சை சரியாகப் பிடிக்கவில்லை என்று மறுபடி காசநோய் மருந்து, மறுபடி ஆறு மாதம். இடையில் மருந்துக்கடையில் யாரோ கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை. அதைச் சாப்பிட்டபோது பசி எடுத்தது, கொஞ்சம் தெம்பாக இருந்தது, அதனால் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். இந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிப்போடும். உள்ளே தூங்கும் காசநோய்க் கிருமி விழித்துக்கொள்ள அதைவிட வசதி வேண்டாம்.

பழைய மருத்துவர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் நம் நாட்டில் இருக்கிறார். இருமலோடு வருபவரிடம் முதலில் காசநோயை நினைப்பதுதான் முறை. ஆனால் கிருமி அகப்படாமலே ஆறு மாதம் மருந்து கொடுத்து, படம் அப்படியே இருப்பதைக் கண்ட பிறகும் அதே மருந்தைத் தொடங்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வீட்டில் இவருக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்தார்கள். மூத்த பெண்ணுக்கு வந்த வரன், அப்பாவுக்கு டிபி என்று கேள்விப்பட்டுத் தட்டிப்போனது. அப்போது அவருக்குக் காசநோய் இருந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை.

கேட்கப்படாத கேள்வி

கொண்டுவந்திருந்த எல்லாச் சீட்டிலும் தொழில் என்ற இடத்தில் "வாட்ச்மேன்" என்று இருந்தது. சிலவற்றில் அந்த இடம் காலி. வாட்ச்மேன் என்பதில் பொய் ஏதும் இல்லை.

"இதுக்கு முன்னாடி என்ன வேலைங்க?"

"கல்யாண மண்டபத்துல எடுபிடி சார்."

"அதுக்கு முன்னாடி?"

"செராமிக்ல இருந்தேன். அது சின்ன வயசுல. பத்தொன்பதுல சேந்தேன், கம்பெனி மூடுற வரைக்கும். பதினாலு வருஷம்."

விருத்தாசலத்தில் செராமிக் தொழில் தெரிந்ததுதான். பக்கத்தில் நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணில் நல்ல களிமண் கிடைக்கிறது. அதையொட்டிப் பீங்கான் தொழிற்பேட்டையும், செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தரும் நிறுவனமும் அங்கே வந்தன. ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், பொம்மை என்று பல பொருள்கள் செய்கிறார்கள். பீங்கானுக்குக் களிமண் மட்டும் போதாது. குவார்ட்ஸ் தூளும் ஃபெல்ஸ்பார் தூளும் சேர வேண்டும். குவார்ட்ஸ் என்பது ஏறக்குறைய முழுக்கவே படிக சிலிக்கா, மணலில் இருக்கும் அதே தாது.

இவர் இருந்தது ஒரு சின்னப் பட்டறை. முதல் சில வருடம் மூட்டை அவிழ்த்துக் கொட்டும் வேலை. "சாக்கைக் கவுத்துக் கொட்டுறப்போ எதிர்ல நிக்கிற ஆளே தெரியாது. வெள்ளையா புகை மாதிரி நிக்கும். மூஞ்சில துண்டு கட்டிக்குவோம்." அப்புறம் ஃபினிஷிங். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொருளின் ஓரப் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். நாள் முழுக்க, மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில். சாயங்காலம் தரையைத் துடைப்பத்தால் பெருக்குவார்கள், தண்ணீர் தெளிக்காமல். மனைவி சொன்னார்: "சட்டையை உதறினா வாசல் திண்ணையெல்லாம் மாவு கொட்டுன மாதிரி ஆயிடும் சார். புருவம், காது முடி எல்லாம் நரைச்சுப் போன மாதிரி வருவாரு." முதலாளி தினமும் ஆளுக்கொரு கட்டி வெல்லம் தருவாராம், தூசி இறங்கிவிடும் என்று. நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார். ஆனால் வெல்லம் போவது இரைப்பைக்கு. தூசி போயிருந்தது வேறு வழியில்.

பட்டறை மூடியபோது இவருக்கு 33 வயது. மூச்சு வாங்கத் தொடங்கியது 44 வயதில். நடுவில் பதினொரு வருட இடைவெளி. அதனால்தான் அவருக்கே இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பரிசோதனை

உட்கார்ந்த நிலையில் ஆக்சிஜன் அளவு 93. ஆறு நிமிடம் நடக்கவிட்டதில் 85க்கு இறங்கியது. 300 மீட்டர் தாண்டுவதற்குள் இரண்டு முறை நின்றார். விரல் நுனிகள் சாதாரணமாக இருந்தன, உருண்டு தடிக்கவில்லை. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம், ஆனால் பயனுள்ள குறிப்பு. நுரையீரல் நாட்பட்டு நார் கட்டும் வேறு சில நோய்களிலும், புற்றிலும், மூச்சுக்குழாய் விரிந்து சீழ் தங்கும் நோயிலும் விரல் நுனி தடிப்பது அதிகம். ஸ்டெத்தாஸ்கோப்பில் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வலது மேல்பகுதியில் மட்டும் கொஞ்சம் இரைச்சல். காலில் வீக்கம் இல்லை, படுத்தால் மூச்சு முட்டுவதும் இல்லை.

மனைவி ஒரு துணிக்கடைப் பையில் மூன்று வருட எக்ஸ்ரேக்களையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். எனக்கு அந்தப் பைதான் பெரிய உதவி. எல்லாப் படத்தையும் தேதி வரிசையில் விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தோம். முதல் காசநோய்ச் சிகிச்சைக்கு முந்தைய படம், முடிந்த பிறகு எடுத்த படம், இரண்டாவது சிகிச்சைக்குப் பின் எடுத்த படம். சின்னச் சின்ன உருண்டைப் புள்ளிகள், இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக, மேலே அதிகம், கீழே குறைவு. பன்னிரண்டு மாத மருந்து அவற்றை அசைக்கவே இல்லை. காசநோய் மருந்துக்கு அடங்கினால் படம் மாறும். அடங்காமல் வளர்ந்தாலும் மாறும். இரு பக்கமும் ஒரே அச்சாக அப்படியே நிற்பது அதன் குணமில்லை. நுரையீரல் வேரில் உள்ள நெறிக்கட்டிகளைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் இருந்தது. முட்டையோட்டுச் சுண்ணம் என்பது இதுதான். சிலிக்கா தூசி சுவாசித்தவர்களிடம் காணும் அடையாளம். வேறு நோய்களில் வருவது அபூர்வம். முதல் படத்திலேயே அது இருந்தது.

புதிய படத்தில்தான் ஒரு மாற்றம். இரு மேல்பகுதிகளிலும் புள்ளிகள் திரண்டு கட்டியாகியிருந்தன. வலது கட்டிக்குள் ஓர் ஓட்டை விழுந்திருந்தது. சிடி ஸ்கேன் அதை உறுதி செய்தது.

சளியை நுண்ணோக்கியில் பார்த்தபோது இந்த முறையும் கிருமி தெரியவில்லை. அதோடு விடாமல் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்பினோம். காசநோய்க் கிருமி இருக்கிறது, ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான காசநோய் மருந்துக்கு அடங்கக்கூடியது என்று பதில் வந்தது. எச்ஐவி இல்லை, சர்க்கரை இல்லை. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியில் நுரையீரலின் கொள்ளளவு இருக்க வேண்டியதில் 58 சதவீதம். மூச்சுக்குழாய் அடைப்பும் ஓரளவு இருந்தது. மருந்து இழுத்த பிறகு ஊதியதிலும் மாற்றமில்லை. எக்கோவில் இதய வால்வுகள் நன்றாக இருந்தன. நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது.

வேறு என்னவாக இருந்திருக்கலாம்?

இந்தக் கேள்வியை ஒவ்வொரு நோயாகக் கேட்டுப் பார்த்தோம். வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஆஸ்துமா ஏறி இறங்கும் நோய். இன்று இழுக்கும், நாளை ஒன்றுமே இருக்காது. விடியற்காலையில் அதிகம், தும்மலும் அலர்ஜியும் கூடவே வரும், இன்ஹேலர் போட்டால் சட்டென்று விடும். ஊதும் பரிசோதனையில் மருந்துக்கு முன்னும் பின்னும் நல்ல வித்தியாசம் தெரியும். இவருக்கு நல்ல நாள், கெட்ட நாள் என்ற ஏற்ற இறக்கமே கிடையாது. ஒரே சரிவு.

பீடி பத்து வருடம் பிடித்திருக்கிறார், விட்டும் பத்து வருடமாகிறது. புகையால் வரும் நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பை, சிஓபிடி என்பார்களே அதை, ஒதுக்க முடியாது. ஊதும் பரிசோதனையில் கண்ட அடைப்பில் அதற்கும் பங்கிருக்கலாம். ஆனால் சிஓபிடி மட்டும் இருந்தால் படத்தில் இப்படிப் புள்ளிகள் இருக்காது. இந்த நோயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பீடி, சிகரெட் தொடாத பெண்களுக்கும் இது வருகிறது. வருடக்கணக்கில் விறகடுப்பில் சமைத்தவர்கள், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை வறுக்கும் புகையில் உட்கார்ந்தவர்கள் மூச்சு வாங்குகிறது என்று வந்தால், வயசாகிவிட்டது என்று அனுப்பிவிடுகிறோம். காலையில் எழுந்ததும் சளி, குளிர்காலம்தோறும் மோசமாவது, வருடத்துக்கு வருடம் நடை குறைவது என்றிருந்தால் ஒருமுறை ஊதிப் பார்ப்பதே நியாயம்.

நிமோனியா நாள்கணக்கில் வருவது: குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், பழுப்புச் சளி, மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்து. முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் மனக்குழப்பத்தோடு மட்டும் வந்து ஏமாற்றும். நுரையீரல் ரத்தக்குழாயில் உறைகட்டி அடைப்பது நிமிடக்கணக்கில் வரும். அறுவை சிகிச்சை, நீண்ட படுக்கை, ஒரு கால் மட்டும் வீங்குவது ஆகியவற்றை அடுத்துத் திடீரென மூச்சு முட்டினால் அதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். இரண்டும் இவர் கதைக்குப் பொருந்தவில்லை.

புற்றை நினைக்காமல் இருக்க முடியாது. ரத்தச் சளி, எடைக் குறைவு, மேல்பகுதியில் கட்டி, மூன்றும் இருந்தன. படிக சிலிக்காவே புற்றை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997இல் வகைப்படுத்தியிருக்கிறது. அதனால் மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தோம், அந்த இடத்தைக் கழுவிய நீரையும் சோதித்தோம். புற்று அணுக்கள் இல்லை. குரல் கம்முவது, தோள்பட்டையில் விடாத வலி, பழைய இருமலின் தன்மை மாறுவது ஆகியவையும் புற்றின் அடையாளங்கள். காசநோய் என்றே மருந்து சாப்பிட்டு மாதங்களை இழந்த புற்றுநோயாளிகள் நம் ஊரில் நிறையப் பேர்.

இன்னொன்று நம் கடற்கரைக்கே உரியது. யானைக்கால் புழுவால் நுரையீரலில் வரும் ஈசினோபிலியா, அதாவது ஈசினோபில் என்ற வெள்ளணு பெருகும் நோய். ராத்திரியில் உலுக்கும் வறட்டு இருமல், இழுப்பு, படத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். ஆஸ்துமா என்றும் காசநோய் என்றும் எளிதில் ஏமாந்துவிடலாம். புதுச்சேரி யானைக்கால் நோய்க்குப் பேர்போன ஊராக இருந்தது. கொசுக்களை ஆராயும் தேசிய மையம் 1975இல் இங்கே தொடங்கப்பட்டது. இப்போது நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. ரத்தத்தில் ஈசினோபில் அணுக்கள் 3,000க்கு மேல் ஏறியிருந்தால் சந்தேகிக்க வேண்டும். மூன்று வார மாத்திரையில் குணமாகும் நோய் இது. இவருடைய ரத்தத்தில் அந்த அணுக்கள் சாதாரண அளவில்தான் இருந்தன.

கடைசியாக, ரத்தத்தில் பரவும் காசநோய். அதிலும் நுரையீரல் முழுக்கப் புள்ளி விழும். ஆனால் அப்படிப் புள்ளி விழுந்தவர் மருந்தே பிடிக்காமல் மூன்று வருடம் வாட்ச்மேன் வேலை பார்க்க மாட்டார்.

ஆக முடிவு இதுதான்: பதினாலு வருடப் பீங்கான் தூசியால் வந்த சிலிகோசிஸ், கட்டியாகத் திரண்ட நிலையில். அதன் மேல் புதிதாக நுரையீரல் காசநோய். முதல் இரண்டு முறை இல்லாத காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர், மூன்றாவது முறை உண்மையாகவே காசநோயோடு வந்திருக்கிறார். இது தற்செயல் இல்லை.

உள்ளே நடப்பது

கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும். ஆபத்து, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகளில். அது நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய்விடும். முகத்தில் கட்டும் துண்டு அதற்குத் தடையே இல்லை.

காற்றுப்பைக்குள் காவலுக்கு இருக்கும் விழுங்கணுக்கள் அந்தத் துகளை விழுங்கும். கிருமியாக இருந்தால் செரித்துவிடும். படிகத்தைச் செரிக்க முடியாது. படிகம் அந்த அணுவின் உட்பையைக் கிழித்து அணுவையே கொன்றுவிடுகிறது. செத்த அணு அழற்சிப் பொருள்களைக் கொட்டும், துகளும் வெளியே வரும். அதை அடுத்த அணு விழுங்கும். அதுவும் சாகும். ஒரே துகள் இப்படி வருடக்கணக்கில் வேலை செய்கிறது; ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தழும்பு நார் கட்டுகிறது. பட்டறையை மூடினாலும் நோய் நிற்காததற்குக் காரணம் இந்தச் சுழல். வழக்கமான சிலிகோசிஸ் பத்து வருடத்துக்கு மேல் தூசியில் இருந்தவர்களுக்கு மெல்ல வரும். தூசி மிக அதிகமென்றால் ஐந்து முதல் பத்து வருடத்தில், இன்னும் கடுமையென்றால் சில மாதங்களிலேயே வந்துவிடும்.

காசநோய்க் கிருமியை அடக்கி வைத்திருப்பதும் இதே விழுங்கணுக்கள்தான். அவை சிலிக்காவிடம் தோற்கும்போது கிருமிக்கு வழி திறக்கிறது. சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. இவர் சாப்பிட்ட ஸ்டீராய்டும் சேர்ந்துகொண்டது.

சிகிச்சையும் ஆறு மாதத்துக்குப் பின் நிலையும்

காசநோய்க்கு வழக்கமான நான்கு மருந்துகள் தினமும். எத்தனை மாதம் என்பதில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. 1991இல் வெளியான ஹாங்காங் ஆய்வு ஒன்று இருக்கிறது. நம் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையமும் அதில் பங்கெடுத்தது. சிலிகோசிஸோடு காசநோய் வந்தவர்களுக்கு ஆறு மாதம் மருந்து கொடுத்தபோது மூன்று வருடத்துக்குள் 22 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. எட்டு மாதம் கொடுத்தபோது 7 சதவீதம் பேருக்குத்தான். அதனால் எட்டு மாதம் என்று முடிவு செய்தோம். ஸ்டீராய்டை படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். வீட்டில் இருப்பவர்களைப் பரிசோதித்ததில் யாருக்கும் நோய் இல்லை. தடுப்பு மருந்து கொடுத்திருக்கிறோம். சத்துணவுக்காக அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் அவர் கணக்கில் வருகிறது.

சிலிகோசிஸுக்கு மருந்து இல்லை. இதை அவரிடம் மறைக்கவில்லை. கட்டிய நாரைக் கரைக்க வழியில்லை. இருக்கும் நுரையீரலைக் காப்பாற்றலாம். ஃப்ளூ, நிமோகாக்கஸ் தடுப்பூசிகள் போட்டோம். மூச்சுப் பயிற்சியும் அளவான நடையும் சொல்லித்தந்தோம். திடீரென ஒரு பக்கம் நெஞ்சு வலித்து மூச்சு முட்டினால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் போனால், உதடு நீலம் பாய்ந்தால், ரத்தமாக இருமினால் 108ஐ அழைக்க வேண்டும் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறோம். இந்த நோயில் நுரையீரல் ஓரத்தில் காற்று கசிந்து ஒரு பக்கமே சுருங்கிவிடுவது உண்டு.

ஆறாவது மாத முடிவில் காய்ச்சல் இல்லை, இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிட்டது, சளியில் கிருமி இல்லை. நடந்தால் ஆக்சிஜன் இப்போதும் 88க்கு இறங்குகிறது. மாடி ஏற வேண்டாத வேலையாகக் கேட்டு வாங்கச் சொன்னோம். குடியிருப்புக்காரர்கள் தொட்டி பார்க்கும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

தட்டு, டம்ளர் பற்றியும் பேசினோம். சிலிகோசிஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதே இல்லை. காசநோய் காற்றில் தொற்றும், தட்டில் தொற்றாது. சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால் தொற்றும் தன்மை விரைவில் அடங்கிவிடும். இதை அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வந்தவர்களுக்கும் யாராவது சொல்லியிருக்கலாம்.

பட்டறையும் சட்டமும்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, கண்டவுடன் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் சிலிகோசிஸ் இருந்தது. தெரிவிக்க வேண்டியது மருத்துவரின் கடமை. இழப்பீட்டுச் சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. ஆனால் இவர் வேலை பார்த்தது பத்துப் பேருக்கும் குறைவான பட்டறை. சம்பளச் சீட்டு கிடையாது, பிஎஃப் கிடையாது, இஎஸ்ஐ கிடையாது. அங்கே பதினாலு வருடம் இருந்ததற்கு அவரிடம் உள்ள ஒரே ஆதாரம், ஆயுதபூஜை அன்று எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரு போட்டோ. ராஜஸ்தான் அரசு 2019இல் சிலிகோசிஸ் உள்ளிட்ட தூசி நோய்களுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்து, நோய் உறுதியானவருக்கு உதவித்தொகை தருகிறது. சம்பளச் சீட்டு இல்லாத தொழிலாளிக்கு இப்படி ஒரு வழி எல்லா மாநிலத்திலும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தூசியைத் தடுப்பது கடினமான தொழில்நுட்பம் இல்லை. தூளை ஈரப்படுத்திக் கொட்டுவது, கொட்டும் இடத்திலேயே காற்றை உறிஞ்சும் குழாய் வைப்பது, தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைப்பது, துண்டுக்குப் பதில் முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 முகக்கவசம், வேலை உடுப்பை அங்கேயே கழற்றிவிட்டு வருவது. இதெல்லாம் செராமிக்குக்கு மட்டும் இல்லை. இன்று புதுச்சேரியிலும் கடலூரிலும் எந்தப் புது வீட்டு வாசலைப் பார்த்தாலும், ஒரு இளைஞர் கட்டிங் மெஷினால் டைல்ஸையோ கிரானைட்டையோ தண்ணீர் ஊற்றாமல் அறுத்துக்கொண்டிருப்பார். சமையல் மேடைக்குப் போடும் செயற்கை குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா 90 சதவீதத்துக்கு மேலேயும் இருக்கலாம். அதை அறுத்தவர்களுக்கு இளவயதிலேயே சிலிகோசிஸ் வந்ததைக் கண்டு ஆஸ்திரேலியா 2024 ஜூலையிலிருந்து அந்தப் பலகையையே தடை செய்துவிட்டது. வெட்டும் இடத்தில் தண்ணீர் விழும்படி ஒரு குழாயைப் பிடித்தாலே தூசி பெருமளவு அடங்கும். வீடு கட்டுகிறவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம்.

அந்த ஆயுதபூஜைப் போட்டோவை வைத்துப் பழைய கூட்டாளிகளைத் தேடச் சொன்னோம். இருவர் இறந்துவிட்டார்கள், இருவருமே டிபி என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். நான்கு பேர் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் இருவருக்கு இதே புள்ளிகள். ஒருவருக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இன்னொருவருக்கு 45 வயது, இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. டைல்ஸ் வேலை பார்க்கிறார். அவருக்குக் காசநோய்த் தொற்றுப் பரிசோதனை செய்து தடுப்பு மருந்து தொடங்கியிருக்கிறோம். அறுக்கும் வேலையை இனி முழுக்க விட்டுவிட வேண்டும் என்று சொன்னோம். ஒட்டும் வேலைக்கு மட்டும் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதனால் தினக்கூலி குறையும் என்று அவர் மனைவி கவலைப்பட்டார். அவர் மேஸ்திரியிடம் நானே போனில் பேசினேன். ஆறு மாதம் கழித்து மறுபடி படம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறோம், மேஸ்திரியின் மற்ற ஆட்களையும் கூட்டிக்கொண்டு.